கீழ்க்கோட்டுக்கும் கீழே

லாரிக்காரர் வீட்டில் காலையில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் லாரியின் இன்ஜின் ஆயில் பார்த்தாக வேண்டும். அதை லாரிக்காரர் பார்ப்பதில்லை. அவர் மனைவிதான் பார்ப்பாள். கல்யாணமான இரண்டாவது மாதம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் கிடந்தபோது, "எப்படிப் பாக்கணும்னு சொல்லுங்க, நான் பாக்கறேன்" என்று அவள் ஆரம்பித்தது. இடுப்பு நான்கே நாளில் சரியாகிவிட்டது. அவள் விடவில்லை. பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது, லாரியும் ஒன்று மாறிவிட்டது, இன்றைக்கும் அவள்தான்.

அதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டுப் பேசட்டும். வண்டி சமமான தரையில் நிற்க வேண்டும். வண்டி சாய்ந்தால் உள்ளே ஆயிலும் சாயும், அளவு தப்பும். அதற்காகவே வீட்டை ஒட்டிய காலி இடத்தில் லாரி நீளத்துக்கு மட்டம் பார்த்து சிமென்ட் போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் சமையலறைத் தரை இன்னும் குண்டும் குழியுமாகத்தான் இருக்கிறது, அது வேறு கதை. இன்ஜினை நிறுத்தின கையோடு பார்க்கக் கூடாது. மேலே போன ஆயிலெல்லாம் இறங்கி அடித்தொட்டியில் சேர நேரம் கொடுக்க வேண்டும். முன்பக்க மூடியைத் தூக்கி, வளையத்தில் விரலை விட்டு டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளக்கும் குச்சியை, உருவி, துணியால் துடைத்து, மறுபடி அடிவரை செருகி, மறுபடி உருவ வேண்டும். முதல் தடவை தெரிவதை நம்பக் கூடாது, துடைத்துவிட்டுப் பார்ப்பதுதான் சரியான அளவு. நுனிப் பக்கம் இரண்டு கோடுகள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது, கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கேன் பிடிக்கும், ஐந்து லிட்டர்.

பார்த்துவிட்டு "போகலாம்" என்பாள். அந்தச் சொல் வந்த பிறகுதான் அவர் சாவியைத் திருப்புவார். அதுவரை கேபினில் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். லாரி ஸ்டாண்டில் அவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். எதற்கும் அவசரப்படாத மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? "என்ன அவசரம், வீட்டம்மா ஒரு நாள் தூங்கிட்டா வண்டி ஓடாதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "ஓடாது" என்பார் அவர். அதில் ஒரு பெருமை இருக்கும். இரவு வெளியில் தங்கும் லோடுகளை அவர் எடுப்பதே இல்லை. அதனால் அந்த டிப்ஸ்டிக்கை அவர் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்கு விடியும்போது மழை விட்டிருந்தது. முதல் நாளே பன்னிரண்டு டன் இரும்புத் தகடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி நிறுத்தியிருந்தார்கள். மலை ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இறக்கம் ஒன்றரை மணி நேரம், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் எட்டரை மணிக்கு மலையடிவாரத்து கேட்டை அடைத்துவிடுவார்கள். பிறகு மறுநாள்தான்.

அவள் அந்த எட்டரை மணியைத்தான் இரவு முழுக்க நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். காரணம் அவள் தம்பி சொன்ன செய்தி. தம்பி மெக்கானிக். ஒரு பார்ட்ஸ் வாங்குவதற்காகப் போன வாரம் லாரியில் கூடப் போயிருந்தான். திரும்பி வந்தவன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, மாமாவ ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"ஏன்டா? என்னாச்சு?"

"பேசிக்கிட்டே வந்தாருக்கா. பாதில நிறுத்திட்டாரு. என்னடான்னு திரும்பிப் பாக்கறேன், கண்ணு தொறந்துதான் இருக்கு, ஆளு இல்ல. வண்டி பாட்டுக்கு ஓரமா போகுது. நான் தாவி ஸ்டியரிங்கப் புடிச்சேன். சேத்துல எறங்கி நின்னுச்சு. நின்னதும், 'என் வண்டில ஸ்டியரிங்கத் தொடறியா'ன்னு என்னையே திட்டறாரு. நடுவுல நடந்தது எதுவுமே அவருக்குத் தெரியல."

அவள் கணவரிடம் கேட்டாள். கண்ணில் தூசி விழுந்தது என்றார். மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாள் அழுதாள், நான்காம் நாள் சண்டை போட்டாள்.

"டாக்டர்கிட்ட போனா எழுதிடுவாரு. எழுதினா லைசென்ஸ் போச்சு. அப்புறம் நான் என்ன பண்றது? உன் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிக்கவா?"

"உரிங்க. உரிச்சா என்ன கொறஞ்சு போச்சு?"

"போடி."

அதோடு பேச்சு முடிந்தது. ஐந்தாம் நாள்தான் இந்த மலை லோடு.

ஆறரை மணி இருக்கும். அவர் தேநீர் டம்ளரோடு கேபினில் ஏறி உட்கார்ந்தார். அவள் முன்மூடியைத் தூக்கினாள். உருவினாள், துடைத்தாள், செருகினாள், உருவினாள். ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு நூலிழை கீழே நின்றது. இதைவிடச் சரியாக இருக்க முடியாது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா? தூங்கிட்டியா?"

"ஏங்க, ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழ இருக்கு."

சொன்ன வேகத்தில் டிப்ஸ்டிக்கைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

அவர் இறங்கி வந்தார். "நேத்து சரியா இருந்துச்சே?"

"நேத்து இருந்துச்சு."

"ராத்திரியோட ராத்திரியா ஒரு கேன் ஆயில் எங்க போகும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். எங்கயோ கோளாறு. தம்பிய வரச் சொல்றேன், பத்து மணிக்கு வந்துடுவான். அவன் பாக்கட்டும்."

"பத்து மணிக்கா? எட்டரைக்கு கேட்ட அடச்சுடுவான்."

"அடச்சா அடைக்கட்டும். இன்ஜினவிட கேட்டு பெருசா?"

அவர் யோசித்தார். அவர் கை டிப்ஸ்டிக் பக்கம் போகும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போயிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். ஒருவேளை அவளுக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அவர் டிப்ஸ்டிக்கைத் தொடவில்லை. தொட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கேபினில் ஏறி சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு புதுக் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்றாள். வீட்டிலிருந்த கடைசி கேனை ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் கொடுத்தனுப்பியது அவள்தான். வீட்டில் ஆயில் இல்லை என்ற தைரியத்தில்தான் அந்தப் பொய்யே.

"மலையாச்சேன்னு நேத்து ரெண்டு வாங்கிப் போட்டேன். இன்னொண்ணு உள்ள இருக்கு."

புனலை வைத்து ஊற்ற ஆரம்பித்தார். குளிர்ந்த ஆயில், மழைக் காலை வேறு. கேன் விக்கி விக்கி இறங்கியது.

"முழுசும் ஊத்தாதீங்க."

"கீழ்க்கோட்டுக்கும் கீழன்னு நீதான சொன்ன? அப்ப ஒரு கேன் தாராளமா புடிக்கும்."

"கொஞ்சம் நிறுத்திப் பாத்துட்டு..."

"ஊத்தின கையோட பாத்தா தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா? இன்னிக்கு என்ன ஆச்சு உனக்கு?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். அடுப்பில் பால் எதுவும் இல்லை. ஒரு பொய்க்குப் பின்னாலேயே அடுத்ததும் வந்து நின்றது. சமையலறையில் மகள் பள்ளிக்கூட உடுப்பில் நின்று, அவித்த முட்டையைத் தோலுரித்து ரொட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏன் முகம் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"பேய் அறைஞ்ச மாதிரி."

"நீ சாப்பிடு."

ஆயில் அதிகமானால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் ஸ்டாண்டில் ஒரு வண்டிக்கு ஓனர் ஒரு கேன், அது தெரியாமல் டிரைவர் ஒரு கேன் என்று ஊற்றிவிட்டார்கள். உள்ளே ஆயில் நுரைத்து, காற்றுக் குழாய் வழியாக ஏறி, இன்ஜின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. சாவியை நிறுத்தினாலும் நிற்கவில்லை. தெருவே புகை. கத்திக் கத்தி அதுவாக வெடித்துத்தான் நின்றது. ஒரு இரும்புத் துண்டு எதிர்ச்சுவரில் குத்தி நின்றதைத் தம்பி கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருந்தான்.

"அம்மா, அப்பா கூப்பிடறாரு" என்றாள் மகள்.

ஏழேகால். அவர் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா எறங்கியிருக்கும். பாரு இப்ப."

அவள் உருவிப் பார்த்தாள். மேல்கோட்டுக்கு மேலே நான்கு விரற்கடைக்கு ஆயில் பளபளவென்று ஏறி நின்றது. சரியாக இருக்கிறது என்றால் அவர் வண்டியை எடுப்பார். எடுத்தால் ஒன்று இன்ஜின் போகும், இல்லாவிட்டால் மலை இறக்கத்தில் அவர் போவார். நடந்ததைச் சொல்லிவிடலாம். நாக்கு எழவில்லை. ஒரு கேன் குடித்தும் நிரம்பவில்லை என்றால் பயந்துபோய் வண்டியை நிறுத்திவிடுவார் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டாள்.

"இன்னும் கீழதாங்க இருக்கு."

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அஞ்சு லிட்டர் ஊத்தியுமா?"

"ஆமாங்க. அதான் சொல்றேன், தம்பி வரட்டும்."

அவர் ஒரு சாக்கை விரித்துப் போட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து போனார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அடித்தொட்டியைத் தட்டும் சத்தம், தடவும் சத்தம். "ஒரு சொட்டு இல்லயே... போல்ட்டும் காஞ்சுதான் இருக்கு..." என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். பிறகு நெளிந்து நெளிந்து வெளியே வந்து, பம்பரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

எழுந்தவர் அப்படியே நின்றார். கண் திறந்திருந்தது. எதிரே நின்ற அவளைத்தான் பார்த்தது, ஆனால் பார்க்கவில்லை. கையிலிருந்த துணி நழுவி விழுந்தது.

"ஏங்க."

ஒன்றும் இல்லை. உதடு மட்டும் எதையோ மெல்வது போல அசைந்தது.

"ஏங்க!"

"என்ன? எதுக்குக் கத்தற?"

"எங்க போனீங்க இப்ப?"

"எங்க போனேன்? இங்கதான நிக்கறேன்."

"கைல இருந்த துணி எங்க?"

அவர் கையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். குனிந்து துணியை எடுத்துக்கொண்டார். "ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாம்" என்றார். "இன்ஜின் ஓடினா பிரஷர்ல எங்க ஓட்டையோ அங்க தெறிக்கும். நீ கீழ உக்காந்து பாத்துக்கிட்டே இரு. நான் கொஞ்சம் நல்லா ரேஸ் பண்றேன்."

ஒழுக்கு பார்க்க இன்ஜினைப் போடுவதற்கு அவள் 'போகலாம்' சொல்லத் தேவையில்லை. அவர் ஏறிவிட்டார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் சுற்றிக்கொண்டு ஓடி, கேபின் படியில் தொற்றி ஏறி, ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. போடாதீங்க."

"கைய விடு. என்ன இது?"

"ஆயில் கொறயல. நான் பொய் சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. "எது பொய்?"

"காலைல மேல்கோட்டுக்கிட்ட சரியா நின்னுச்சு. கீழ இருக்குன்னு சொன்னேன்."

"அப்ப ரெண்டாவது தடவ பாத்தது?"

"அதுவும்."

"நான் ஊத்தின அஞ்சு லிட்டர்?"

"மேல்கோட்டுக்கு மேல நிக்குது."

அவர் சாவியைத் துளையிலிருந்து எடுத்தார். மெதுவாக, கண்ணாடிச் சாமான் போல, முன்பலகையில் வைத்தார். இறங்கினார். முன்பக்கம் போய் அவரே டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துச் செருகி உருவினார். பழக்கம் விட்டுப்போனதால் துளையில் செருக இரண்டு தடவை தடுமாறினார். கையை நீட்டி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்ஜின் வெடிச்சிருக்கும்டி. உன்ன கீழ உக்காந்து பாக்கச் சொன்னேன். உன் மூஞ்சிக்கு நேரா வெடிச்சிருக்கும்."

"தெரியும்."

"பத்தொம்பது வருஷத்துல, நீ சொன்னதுக்கு மேல ஒரு நாளாவது நான் தொட்டுப் பாத்திருக்கேனா?"

"இல்ல."

"ஸ்டாண்டே என்னப் பாத்துச் சிரிக்குது. சிரிக்கட்டும்னு இருந்தேன். ஏன் இருந்தேன்?"

"என்ன நம்பினீங்க."

"இனிமே எப்படி நம்பறது? சொல்லு."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "நானும்தான் நம்பினேன். கண்ணுல தூசி விழுந்துச்சுன்னு சொன்னீங்க. இப்ப கைலேருந்து துணி விழுந்துச்சே, அது எந்தத் தூசி? அந்த மலை இறக்கத்துல அது துணியா இருக்காது, ஸ்டியரிங்கா இருக்கும். எதுத்தாப்ல வர்றவன் என்ன பாவம் பண்ணான்? கெஞ்சிப் பாத்தேன், அழுது பாத்தேன். எனக்கு வேற என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சது இந்தக் குச்சி ஒண்ணுதான்."

அவர் சாக்கை மறுபடி விரித்தார். "ஸ்பேனர எடு. பெரிய பேசினையும் கொண்டா."

அடித்தொட்டியின் போல்ட்டைத் தளர்த்தி, முழுவதும் கழற்றாமல், விரலால் அமுக்கிப் பிடித்து ஆயிலை இறக்கினார். கட்டியாக, அவசரமில்லாமல் அது பேசினில் விழுந்தது. பேசினிலிருந்து காலி கேனுக்குப் புனல் வைத்து ஊற்றி அளப்பது அவள் வேலை. முகம் பார்க்காமல் பேசுவது இரண்டு பேருக்குமே சுலபமாக இருந்தது.

"எவ்வளவு ஆச்சு?" என்றார் அடியிலிருந்து.

"பாதி கேன்."

"ம்."

அடியில் அவர் போல்ட்டை இன்னும் ஒரு சுற்றுத் தளர்த்தினார்.

"நான் எங்கயும் போகலன்னுதான் எனக்குத் தோணுது" என்றார் திடீரென்று. "தூக்கம் மாதிரி இல்ல. ஒரு வெட்டு. ரோட்டுல இந்த மரத்துக்கிட்ட இருக்கேன், அடுத்த நிமிஷம் வேற மரம். நடுவுல இருந்த மரமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல."

அவள் கேனைக் கீழே வைத்தாள்.

"பயமா இருக்குங்களா?"

"பின்ன? இந்த ஒண்ணுதான எனக்குத் தெரிஞ்ச தொழில்."

கேன் நிரம்பியதும் சொன்னாள். போல்ட்டை முறுக்கிவிட்டு வெளியே வந்தார். உள்ளே ஆயில் அடங்குவதற்காக இருவரும் பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, தரையெல்லாம் ஆயிலும், பேசினும், பேசாமல் நிற்கும் அப்பா அம்மாவும் கண்ணில் பட, படியிலேயே நின்றுவிட்டாள்.

"பாரு" என்றார் அவர் மனைவியிடம்.

"நீங்களே பாருங்க."

அவரே பார்த்தார். "சரியா இருக்கு" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைத் துணியால் துடைத்துவிட்டு மணி பார்த்தார். "எட்டு அஞ்சு. கேட்டுக்கு இருபது நிமிஷம். இப்ப எடுத்தா புடிச்சிடலாம்."

இவ்வளவும் நடந்த பிறகு, எல்லாம் காலை ஆறரை மணிக்கு இருந்த இடத்துக்கே வந்து நின்றிருந்தது. சொல்வதற்கு அவளிடம் இனி பொய்யும் இல்லை.

"வண்டி சரியா இருக்குங்க. அத நான் சொல்லிடுவேன். நீங்க சரியா இருக்கீங்களான்னு என்னால எந்தக் குச்சியப் போட்டும் பாக்க முடியாது. நீங்கதான் சொல்லணும்."

அவர் முன்மூடியை இறக்கி அமுக்கினார். கேபின் கதவைத் திறந்தார். ஒரு காலைப் படியில் வைத்தார். அப்போது அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. கை முழுக்க ஆயில். மகளைத் தலையசைத்துக் கூப்பிட்டார். அவள் வந்து போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள். புக்கிங் ஆபீஸ் கிளார்க்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? கேட்டுலேருந்து கேக்கறாங்க."

"வீட்டுல."

"இன்னும் கெளம்பலையா? வண்டில ஏதாவது கோளாறா?"

அவர் மனைவியைப் பார்த்தார். ஆமாம், ஆயில் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்குத் தப்பிக்கலாம், நாளைக்கு வண்டி எடுக்கலாம். அவள் மறுத்துப் பேச மாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். படியில் வைத்திருந்த காலைக் கீழே இறக்கினார்.

"வண்டி நல்லா இருக்கு தம்பி. கோளாறு எனக்குத்தான். ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே நெனவு தப்பிடுது."

கிளார்க்கின் குரல் தாழ்ந்தது.

"யாருண்ணே சொன்னா? டாக்டரா?"

"டாக்டர்கிட்ட இன்னும் போகல. இன்னிக்குப் போறேன். நானேதான் சொல்றேன்."

"அண்ணே, ஒரு தடவ தலை சுத்தறது யாருக்கும் வர்றதுதான். யோசிச்சுப் பேசுங்க. இத நான் எழுதிட்டேன்னா அப்புறம் அழிக்க முடியாது."

"எழுதிக்கோ. ஒரு தடவ இல்ல. ஓட்டும்போது மட்டும் மூணு தடவ."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். ஓட்டும்போது நடந்ததில் அவளுக்குத் தெரிந்தது தம்பி சொன்ன ஒன்றுதான்.

"கடைசித் தடவ முந்தா நேத்து" என்றார் அவர். "எம் பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்தா."

மகள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.